கம்பைலர் லைசென்ஸ்: கேளுங்கள், சொல்கிறேன்

மதுரை கே. புதூர் தொழிற்பேட்டையில் பம்ப் கன்ட்ரோலர் போர்டுகளுக்கு ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள் ஏற்றும் புரோகிராம், எழுதுபவன் நான். எழுதிய கோடைச் சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர். அதன் லைசென்ஸ் தகராறு பற்றி வந்த கேள்விகளில் சில:

அண்ணே, மதர்போர்டு எரிந்து மாற்றினோம். காசு கொடுத்து வாங்கிய கம்பைலர் இப்போது திறக்கவே மாட்டேன் என்கிறது. மறுபடியும் வாங்கணுமா? (கப்பலூர்)

வேண்டாம் தம்பி. உங்களுடையது ஒரே கம்ப்யூட்டரோடு கட்டிப்போட்ட லைசென்ஸ். பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கும் நெட்வொர்க் கார்டின் மேக் அட்ரஸோடுதான் (அந்தக் கார்டுக்கே உரிய அடையாள எண்) கட்டியிருப்பார்கள். லைசென்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்தால் 12 எழுத்தில் ஒரு எண் இருக்கும். கமாண்ட் ப்ராம்ப்டில் 'கெட்மேக்' என்று அடித்து வருவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகவில்லையா, அதுதான் காரணம். பழைய எண், புது எண், பில் மூன்றையும் இணைத்து, 'ரீஹோஸ்ட்' (லைசென்ஸைப் புது எண்ணுக்கு மாற்றித் தருவது) வேண்டும் என்று விற்றவருக்கு மெயில் போடுங்கள்.

நானும் பட்டவன்தான். லைசென்ஸ் வாங்கும்போது யுஎஸ்பி லேன் அடாப்டரின் எண்ணைக் கொடுத்துவிட்டேன். பையன் அதைக் கழற்றிக்கொண்டு சர்வீஸுக்குத் திண்டுக்கல் போய்விட்டான். கம்பைலர் நின்றது. அரை நாள் ஆன்டிவைரஸைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்த அடாப்டரில் இன்சுலேஷன் டேப் சுற்றி 'தொடாதே' என்று எழுதியிருக்கிறது.

சர்வரிலிருந்து பலரும் மாறி மாறி எடுத்துக்கொள்ளும் ஃப்ளோட்டிங் லைசென்ஸ் நேற்று வரை ஓடியது. கரண்ட் போய் வந்ததும் யாருக்கும் கிடைக்கவில்லை. சர்வர் ஆன் ஆகித்தான் இருக்கிறது. (வடபழஞ்சி)

ஃப்ளெக்ஸ்எல்எம் (லைசென்ஸ் பகிர்ந்து கொடுக்கும் மென்பொருள்) வகை சர்வர் என்றால் அங்கே இரண்டு புரோகிராம் ஓடும். முதலாவதற்கு வழக்கமாக 27000 முதல் 27009 வரையுள்ள ஒரு போர்ட் (நெட்வொர்க்கில் அது பேசும் வாசல் எண்). அதை ஃபயர்வாலில் திறந்திருப்பீர்கள். இரண்டாவது, கம்பைலர் கம்பெனியுடையது. எண் குறிப்பிடாவிட்டால், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கையில் கிடைத்த போர்ட்டை எடுத்துக்கொள்ளும். லைசென்ஸ் ஃபைலில் 'வெண்டார்' என்று தொடங்கும் வரியில் அதற்கும் ஒரு போர்ட் எண் போட்டு, அதையும் திறந்துவிடுங்கள். அப்படியே சர்வருக்கு ஒரு யுபிஎஸ்.

சார், கெய்ல் கம்பைலரின் இலவசப் பதிப்பில் புரோகிராம் 32 கேபி தாண்டினால் லிங்க் ஆகவில்லை (கடைசி ஃபைலாகச் சேரவில்லை). ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். (திருப்பரங்குன்றம்)

அது லைட் பதிப்பின் வரம்பு. கம்யூனிட்டி பதிப்பில் அந்த வரம்பு இல்லை, ஆனால் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ப்ராஜெக்டுக்குத் தாராளம். பிறகு விற்கிற எண்ணம் இருந்தால் இப்போதே ஜிசிசி என்ற இலவசக் கம்பைலருக்கு மாறிவிடும்மா.

ஜிசிசியில் கம்பைல் செய்தால் எங்கள் கோடையும் வெளியிட வேண்டுமாமே?

இல்லை. உங்கள் புரோகிராமோடு சேர்ந்துவிடும் அதன் ரன்டைம் லைப்ரரிக்கு இதற்காகவே தனி விலக்கு கொடுத்திருக்கிறார்கள். 8051 சிப்புக்கு ஜிசிசி கிடையாது, எஸ்டிசிசி என்ற இன்னொரு இலவசக் கம்பைலரைப் பாருங்கள்.

ட்ரையல் முடிகிறது. கம்ப்யூட்டர் தேதியைப் பழைய தேதிக்கு மாற்றி வைத்தால்?

நிறைய கம்பைலர்கள் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால்தான் வம்பு: நீங்கள் இன்று திருத்திய ஃபைல் பழையது என்று, எதைக் கம்பைல் பண்ணுவது என்று தேதி பார்த்து முடிவெடுக்கும் 'மேக்' (make) புரோகிராம் நினைத்துக்கொண்டு கம்பைல் பண்ணாமலே விட்டுவிடும். திருத்தம் ஏறாத ஃபர்ம்வேரைப் போர்டில் ஏற்றி வைத்துக்கொண்டு, பிழை ஏன் போகவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.