நிறுவியிருக்கும் லினக்ஸ் கர்னலின் கான்ஃபிக்கை எப்படிப் பார்ப்பது?

டிஸ்ட்ரோவோடு (உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பு) வந்த கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி), சோர்ஸ் கோட் கையில் இல்லை, எந்தெந்த ஆப்ஷன்களோடு அதை கம்பைல் செய்தார்கள் என்று பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். பெரும்பாலும் ஒரு நிமிட வேலை.

முதலில் டெர்மினலில் யூநேம் கட்டளையை மைனஸ் ஆர் சேர்த்து ஓட்டுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் பதிப்பு வரும். டெபியன், உபுண்டு, ஃபெடோரா என்றால் பூட் ஃபோல்டரில் 'கான்ஃபிக்' என்று தொடங்கி, ஒரு ஹைஃபனுக்கு அப்புறம் அதே பதிப்போடு முடியும் ஃபைல் இருக்கும். வெறும் டெக்ஸ்ட்தான், ஆனால் ஆயிரக்கணக்கான வரிகள். கிரெப் (வரிகளைத் தேடும் கட்டளை) போட்டுத் தேடுங்கள். அப்டேட் செய்துவிட்டு இன்னும் ரீபூட் செய்யாத மெஷினில் இரண்டு மூன்று கான்ஃபிக் ஃபைல்கள் கிடக்கும். அவற்றில் புதியதை அல்ல, யூநேம் சொன்னதைத் திறக்க வேண்டும்.

ஆப்ஷனின் பெயரை அடுத்து வரும் சமக்குறிக்குப் பின் 'ஒய்' என்றால் அந்த வசதி கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. 'எம்' என்றால் மாட்யூலாக, அதாவது தேவைப்படும்போது ஏற்றும் தனி ஃபைலாக, இருக்கிறது. ஹேஷ் குறியில் தொடங்கி 'இஸ் நாட் செட்' என்று முடிந்தால் அணைத்திருக்கிறார்கள். தேடிய பெயரில் வரியே இல்லை என்றால் பலரும் குழம்புகிறார்கள். அந்த ஆப்ஷன் சார்ந்திருக்கும் வேறொன்று அணைந்திருந்தால், 'இஸ் நாட் செட்' வரிகூட எழுதப்படாது. அப்போது தேட வேண்டியது அந்த வேறொன்றைத்தான்.

பூட் ஃபோல்டரில் இருப்பது கர்னலுக்குப் பக்கத்தில் வைத்த ஒரு நகல், அவ்வளவுதான். ஒருமுறை யூஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்று வேலை செய்யவில்லை. பூட்டில் இருந்த ஃபைலில் அதன் டிரைவருக்கு நேரே 'எம்' என்று தெளிவாக இருந்தது. மோட்புரோப் கட்டளையால் அதை ஏற்றப் பார்த்தால் மாட்யூல் இல்லை என்றது. ஒரு மாலை முழுக்கத் தேடிய பிறகுதான் காரணம் புரிந்தது. லோக்கல் வெர்ஷன் பெயரை (பதிப்பு எண்ணின் பின்னால் நாமே சேர்க்கும் ஒட்டு) மாற்றாமல் நானே கர்னலைத் திரும்ப கம்பைல் செய்து போட்டிருந்தேன். பதிப்பு ஒன்றேதான், ஆனால் பூட்டில் கிடந்தது பழைய கான்ஃபிக்.

அதனால் முடிந்தவரை கர்னலிடமே கேளுங்கள் என்பேன். ஐகேகான்ஃபிக், ஐகேகான்ஃபிக்_பிராக் என்ற இரண்டு ஆப்ஷன்களோடு கட்டியிருந்தால், கர்னல் தன் தகவல்களைக் காட்டும் பிராக் ஃபோல்டரில் கான்ஃபிக்.ஜிஇசட் என்று ஒரு ஃபைல் தெரியும். சுருக்கிய ஃபைலை விரித்துக் காட்டும் இசட்கேட் கட்டளையைப் போட்டால் முழு கான்ஃபிக்கும் வந்துவிடும். ஆர்ச் லினக்ஸில் வழி இதுதான். ஃபைல் தெரியவில்லை என்றால் உடனே விட்டுவிடாதீர்கள். ஐகேகான்ஃபிக்கை மாட்யூலாகக் கட்டியிருக்கலாம், 'கான்ஃபிக்ஸ்' என்ற மாட்யூலை ஏற்றிப் பாருங்கள்.

பூட் ஆகாமல் கிடக்கும் கர்னலுக்கும் வழி உண்டு. கர்னல் சோர்ஸின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் எக்ஸ்ட்ராக்ட்-ஐகேகான்ஃபிக் என்று ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதை மட்டும் எடுத்து, கர்னலே இருக்கும் விஎம்லினுஸ் ஃபைலைக் கொடுத்து ஓட்டினால் போதும். கான்ஃபிக்கின் தொடக்கத்தைக் காட்டும் அடையாள எழுத்துகளைத் தேடி, உள்ளே சுருக்கி வைத்திருப்பதைப் பிரித்துக் கொடுத்துவிடும். ஐகேகான்ஃபிக் கர்னலுக்குள்ளேயே இருந்தால்தான் இது பலிக்கும்.

டாக்கர் போன்ற கன்டெய்னருக்குள் இருந்து பார்க்கிறீர்களா? அங்கே யூநேம் காட்டுவது ஹோஸ்டின், அதாவது கன்டெய்னரை ஓட்டும் மெஷினின், கர்னலை. அதற்கான ஃபைல் கன்டெய்னரின் பூட்டில் இருக்காது, ஹோஸ்டில் போய்ப் பாருங்கள்.