மரபணுத்தொகுதி எதிர்பார்த்ததைவிடப் பெருத்து வந்தால்

கேள்வி: வளை தோண்டி வாழும் எலியினம் ஒன்றின் ஆண் விலங்கில் 30 மடங்கு ஆழத்தில் ஹைஃபை ரீடுகள் (நீளமான, துல்லியமான டிஎன்ஏ வாசிப்புகள்) எடுத்து, அவற்றை இணைக்கும் ஹைஃபைஅசம் மென்பொருளில் கோத்தோம். கே-மெர் கணக்கு (ரீடுகளிலுள்ள குறுந்துண்டுகளை எண்ணி மரபணுத்தொகுதியின் அளவை மதிப்பிடுவது) 260 கோடி கார இணைகள் என்றது. கோத்துக் கிடைத்த அசெம்பிளியோ 310 கோடி. ஒரே பிரதியாக இருக்க வேண்டிய மரபணுக்களைத் தேடிச் சரிபார்க்கும் பஸ்கோவில் இரட்டிப்பு 17%. மறுபடி சீக்வென்ஸ் செய்ய வேண்டுமா?

பதில்: அநேகமாக வேண்டாம். தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியும் தனித்தனிக் கான்டிக்குகளாக (இடைவெளியின்றிக் கோத்த துண்டுகளாக) ஒரே அசெம்பிளியில் நிற்பதன் அடையாளம் இது.

ஹைஃபைஅசமின் லாக் கோப்பைத் திறவுங்கள். நட்சத்திரக் குறிகளால் வரைந்த கே-மெர் வரைபடத்தை அடுத்து 'பீக்-ஹோம்', 'பீக்-ஹெட்' என்ற இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது இரு பிரதிகளும் ஒத்திருக்கும் (ஹோமோசைகஸ்) பகுதிகளின் முகடு; இரண்டாவது அவை வேறுபடும் பகுதிகளின் முகடு. உங்கள் தரவுக்கு அவை ஏறத்தாழ 30, 15 என்று வர வேண்டும். இரு பிரதிகளுக்கும் வேறுபாடு மிகுந்த விலங்கில் 15-இல் உள்ள முகடே உயர்ந்து நிற்கும். மென்பொருள் அதையே ஹோமோசைகஸ் முகடாக எடுத்துக்கொண்டால் இரண்டு பிரதிகளையும் வைத்துக்கொள்ளும். அப்படியானால் 'ஹோம்-கவ்' அளவுருவின் மதிப்பை 30 என்று நீங்களே கொடுத்து, அதே கோப்புறையில் அதே முன்னொட்டுடன் ஓட்டுங்கள். முதல் ஓட்டம் சேமித்த 'பின்' (.bin) கோப்புகள் இருப்பதால் ரீடுகளின் பிழைதிருத்தம் திரும்ப நடக்காது. ஹை-சி தரவு (உட்கருவில் அருகருகே அமையும் டிஎன்ஏ பகுதிகளைக் காட்டுவது) சேர்த்திருந்தால் அதன் 'பின்' கோப்புகளை மட்டும் அழித்துவிடுங்கள்.

இதற்குப் பிறகும் இரட்டிப்பு குறையாவிட்டால் மட்டும், மிகைப்பிரதிகளைக் கழிக்கும் பர்ஜ்-டப்ஸ் மென்பொருள். தானியங்கி வரம்பை நம்பாமல் ரீடு ஆழத்தின் ஹிஸ்டோகிராம் வரைந்து, இரு முகடுகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், சுமார் 22-இல், வெட்டுங்கள். ஆண் விலங்கில் எக்ஸ், ஒய் இரண்டும் பாதி ஆழத்தில்தான் வரும்; இரண்டிலும் ஒத்திருக்கும் பகுதிகள் மிகைப்பிரதி என்று தவறாகக் கழிக்கப்படலாம். அண்மையில் பெருகிய மரபணுக்களுக்கும் இதே ஆபத்து. ஐபீரிய அகழெலியின் சிஒய்பி17ஏ1 மரபணுவின் மும்மடிப் பெருக்கம் பெண் விலங்கின் ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) அளவோடு தொடர்புள்ளது என்று 2020-இல் காட்டினார்கள். அத்தகைய உண்மைப் பிரதிகளை வெட்டிவிட்டால், எதைத் தேடி வரிசைப்படுத்தினோமோ அதுவே போய்விடும். ஆகவே ஒவ்வொரு வெட்டுக்கும் பின் பஸ்கோ பாருங்கள்: பாலூட்டித் தொகுப்பின் (odb10) 9,226 மரபணுக்களில் 'காணவில்லை' 1% கூடினாலே 92 மரபணுக்கள். இரட்டிப்பு இறங்கி இதுவும் ஏறினால் வரம்பு அதிகம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. விலங்கு சிறியது என்று இரண்டின் டிஎன்ஏவைக் கலந்திருந்தால் நான்கு பிரதிகள் இருக்கும். 7-8 மடங்கில் இன்னொரு முகடு தெரியும். எந்த அளவுருவும் அதைச் சரிசெய்யாது. ஒரே விலங்கிலிருந்து புதிதாக எடுக்கத்தான் வேண்டும். பாலூட்டிகளின் சிவப்பணுவில் உட்கரு இல்லாததால் இரத்தத்தில் டிஎன்ஏ குறைவு. கல்லீரலோ மண்ணீரலோ எடுத்து, உடனே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஹை-சிக்கும் அதே விலங்கின் திசுத் துண்டு ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள்.