பழைய பாட்டு, வேறு குரல்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொஞ்ச நாளாகவே ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருக்கிறது. விளம்பரம் ஓடினால் பழைய பாட்டு. பட முன்னோட்டம் வந்தால் பழைய பாட்டு. யூடியூபைத் திறந்தால் யாரோ ஒருவர் கிட்டாரோடு உட்கார்ந்து பழைய பாட்டுதான் பாடுகிறார். எதுவும் அசல் பதிவு இல்லை. எல்லாவற்றையும் வேறு யாரோ பாடியிருக்கிறார்கள், அதுவும் பாதி வேகத்தில், அழுகிற மாதிரி. அசல் அத்தனை நன்றாக இருக்கும்போது எதற்கு மறுபடி பாட வேண்டும்? புதிதாகப் பாட்டுப் போட ஆளே இல்லையா? கற்பனை வறண்டுவிட்டது என்கிறான் என் நண்பன். எனக்கு இது ஏறக்குறைய திருட்டாகவே படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொல்வதை முதலில் முடித்துவிடலாம். 1963-ல் வந்த பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகள். அவற்றில் 6 மற்றவர்கள் எழுதி, ஏற்கெனவே வேறு யாரோ பாடி வெளியிட்டவை. கற்பனை வறண்டவர்கள் என்று அவர்களை யாரும் சொன்னதில்லை. மேடையில் மணிக்கணக்காக வாசித்தாக வேண்டிய எந்தக் குழுவும் பிறர் பாட்டைப் பாடித்தான் வளர்ந்திருக்கிறது.

நீங்கள் சொல்லும் திருட்டு இன்னும் சுவாரஸ்யமான குற்றச்சாட்டு. அதை விசாரிக்க வேண்டுமென்றால் பணம் யார் கைக்குப் போகிறது, யார் கைக்குப் போகவில்லை என்று பார்க்க வேண்டும்.

நாம் காதில் கேட்பது ஒரு பாட்டுதான். கணக்குப் புத்தகத்தில் அது இரண்டு சொத்து. வரிகளும் மெட்டும் ஒன்று. அது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரியது, அல்லது அவர்களிடமிருந்து உரிமை பெற்ற இசைப் பதிப்பு நிறுவனத்துக்கு உரியது. ஒரு ஸ்டூடியோவில் ஒருவர் பாடி, சிலர் வாசித்துப் பதிவான ஒலி இன்னொன்று. தொழிலில் அதை மாஸ்டர் என்பார்கள். அது பொதுவாக ரெக்கார்டு கம்பெனியின் கையில் இருக்கும். அசல் பதிவை விளம்பரத்தில் போட வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டும், இரண்டு பக்கமும் பணம் கேட்கும். ஒரு பக்கம் மாட்டேன் என்றால் கதை அங்கேயே முடிந்தது. அதே பாட்டை வேறொருவரைப் பாடவைத்தால் மாஸ்டர் உங்களுடையதாகிவிடுகிறது. அப்புறம் பாட்டுக்கு உரியவரிடம் மட்டும் பேசினால் போதும்.

ஒருவர் பாடிய பாட்டை வேறொருவர் மறுபடி பாடுவதைக் கவர் வெர்ஷன் என்பார்கள். நிறுவனங்கள் அதை நாடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிக் காரணம் பட்டறையில் இருக்கிறது. முப்பது நொடி விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில நொடிகளில் யாரோ வீட்டுக் கதவைத் திறக்கிறார். அங்கே பியானோவின் ஒற்றைச் சுரம் மட்டும் கேட்க வேண்டும். நடுவில் ஒருவர் பேசுகிறார். அங்கே பாட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். கடைசியில் பெயர்ப் பலகை வரும் இடத்தில் பல்லவியின் உச்சம் வந்து விழ வேண்டும். இதையே இருபது நொடிக்கும் பதினைந்து நொடிக்கும் வெட்டித் தர வேண்டும். டிரம்ஸும் பித்தளை வாத்தியங்களும் குரலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பழைய பதிவை இப்படி அறுக்க முடியாது. புதிதாகப் பதிவுசெய்தால் குரல் தனி, பியானோ தனி, வயலின் தனி என்று ஒவ்வொன்றும் கையில் இருக்கும். வேண்டிய இடத்தில் எடுக்கலாம், வைக்கலாம்.

உங்களை எரிச்சல்படுத்தும் அந்த அழுகைக் குரல் இப்படித்தான் பிறக்கிறது. வேகத்தைக் குறைத்தால் வரிகளுக்கு நடுவே பேச்சுக்கு இடம் கிடைக்கிறது. தாளத்தை எடுத்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். துள்ளலாகக் கேட்டுப் பழகிய பாட்டு திடீரென்று நிதானமாக வரும்போது, 'இது அந்தப் பாட்டுதானே?' என்று காது நிமிர்கிறது. பார்க்கிறவர் ஒரு கணம் நின்றுவிடுகிறார். விளம்பரக்காரருக்கு அந்தக் கணம்தான் வேண்டும். முதலில் செய்தவருக்கு அது நல்ல யோசனைதான். இன்று எல்லோரும் செய்வதால் அலுப்புத் தட்டுகிறது. இந்த இடத்தில் நான் உங்கள் கட்சி.

விளம்பரம் மட்டும் இல்லை. 2005-ல் கிட்டார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டு வந்தது. அதில் இருந்த பாட்டுகளில் பெரும்பாலானவை அந்த விளையாட்டுக்காகவே புதிதாகப் பாடி வாசித்தவை. அசல் மாஸ்டர்களுக்கு அனுமதி வாங்குவது செலவும் சிரமமும். போதாததற்கு, விளையாடுகிறவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் கிட்டார் ஒலி மட்டும் நின்று மற்றவை தொடர வேண்டும். கிட்டார் தனியாகப் பிரிந்த பதிவு இல்லாமல் இது நடக்காது.

இசைக்கலைஞர்கள் பக்கம் வருவோம். பெயர் தெரியாத ஒருவர் தன் சொந்தப் பாட்டை இணையத்தில் ஏற்றினால் அதை யார் தேடப் போகிறார்கள்? பழைய பாட்டின் பெயரைத் தினமும் பலர் தேடுகிறார்கள். அந்த வழியாக நாலு பேர் உள்ளே வந்தால் அதில் ஒருவர் சொந்தப் பாட்டையும் கேட்கக்கூடும். இதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. யூடியூப் மெட்டை அடையாளம் கண்டு பதிப்பு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடும், விளம்பர வருமானத்தில் அவர்கள் பங்கை எடுத்துக்கொள்வார்கள். பாட்டுக்கு உரியவர் பொதுவாக நஷ்டப்படுவதில்லை.

சட்டமே இதற்கு வழிவிட்டுத்தான் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் தானாக வாசிக்கும் பியானோக்கள் இருந்த காலத்தில், அவற்றை இயக்கிய துளையிட்ட காகிதச் சுருளில் ஒருவர் மெட்டைப் பதித்து விற்றால் இசையமைத்தவருக்குப் பணம் தர வேண்டியதில்லை என்று 1908-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. ஆனால் ஒரே கம்பெனி எல்லா மெட்டுகளையும் வளைத்துப் போட்டுவிடுமோ என்ற பயமும் இருந்தது. அதனால் ஒரு நடுவழி: ஒருமுறை வெளியான பாட்டை யார் வேண்டுமானாலும் மறுபடி பதிவுசெய்யலாம், பிரதிக்கு 2 சென்ட் கட்டிவிட வேண்டும். அந்த 2 சென்ட் 1978 வரை மாறவே இல்லை. தொகை பிறகு உயர்ந்தது, வழி இன்றும் திறந்திருக்கிறது. இந்தியச் சட்டம் இன்னும் கறாரானது. 2012 திருத்தத்தின்படி முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டி கட்ட வேண்டும். முதலில் பாடியவரின் பெயரையோ படத்தையோ உறையில் போடக்கூடாது. இது கவர் வெர்ஷன் என்று எழுதியாக வேண்டும். இவையெல்லாம் பாட்டைப் பதிவுசெய்து விற்பதற்கு மட்டும். விளம்பரத்துக்கோ படத்துக்கோ போடுவதென்றால் தனியாகப் பேசி அனுமதி வாங்க வேண்டும்.

ஆக, மெட்டுக்குச் சொந்தக்காரர் எப்படியும் பணம் பார்த்துவிடுகிறார். அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் தான் எழுதி 1974-ல் வெளியிட்ட 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். பதிப்புரிமையில் பாதியைத் தர வேண்டும் என்று எல்விஸின் மேலாளர் கேட்டார். பார்ட்டன் மறுத்தார். எல்விஸ் பாடவில்லை. 1992-ல் விட்னி ஹூஸ்டன் பாடி அது உலகமெங்கும் ஒலித்தபோது உரிமை முழுசாகப் பார்ட்டனிடம் இருந்தது. எல்விஸ் பாடப்போகிறார் என்ற நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல எத்தனை நெஞ்சுரம் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் யாருக்கு நஷ்டம்? பாடியவருக்கு. ஒரு நல்ல கவரே இதற்குச் சாட்சி. 'ரெஸ்பெக்ட்' பாட்டை எழுதி 1965-ல் பாடியவர் ஓடிஸ் ரெடிங். வேலை முடித்து வீடு திரும்பும் ஆண், எனக்குக் கொஞ்சம் மரியாதை கொடு என்று கேட்கிற பாட்டு அது. 1967-ல் அரேதா ஃபிராங்க்ளின் அதைக் கையில் எடுத்தார். வரிகள் பெரும்பாலும் அவையேதான், கேட்கிறவள் பெண். அவ்வளவில் பாட்டு தலைகீழாகிவிட்டது. ஆணிடம் கெஞ்சலாக இருந்தது அவரிடம் நிபந்தனையாக ஆனது. 'ரெஸ்பெக்ட்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லும் இடம் ரெடிங்கின் பதிவில் கிடையாது, அரேதா சேர்த்தது. பின்னால் அவருடைய சகோதரிகள் குரல் கொடுக்கிறார்கள். இன்று அந்தப் பாட்டு என்றாலே அந்த இடம்தான் நினைவுக்கு வரும். அதே ஆண்டு மான்டரே இசை விழா மேடையில், ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுபோன பாட்டு என்று ரெடிங்கே வேடிக்கையாகச் சொன்னார்.

எடுத்துக்கொண்டு போனார், சரி. ஆனால் அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவர் தரப்புக்கு மட்டும்தான் பணம். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் சட்டப்படி ஒன்றுமில்லை. அரேதாவின் 'ரெஸ்பெக்ட்' அங்கே ஒலித்த ஒவ்வொரு முறையும் பணம் ரெடிங் தரப்புக்குப் போனது, அரேதாவுக்குப் போகவில்லை. பாட்டையே மாற்றிப் போட்டவருக்கு இந்த நிலைமை.

1950-களில் இது இன்னும் அசிங்கமாக நடந்தது. கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகளை அப்போதைய பல வானொலிகள் தொடவே இல்லை. அதே பாட்டை வெள்ளைப் பாடகரை வைத்துக் கொஞ்சம் சாதுவாக்கிப் பதிவுசெய்து வெளியிட்டார்கள். லிட்டில் ரிச்சர்டின் 'டுட்டி ஃப்ரூட்டி'யை பாட் பூன் பாடினார். 1956-ல் பாப் தரவரிசைப் பட்டியலில் பூனின் பதிவு அசலைவிட மேலே போனது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

விளம்பர உலகத்தில் இதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. 1985-ல் ஃபோர்டு கார் விளம்பரத்துக்காக, பாடகி பெட் மிட்லர் 1970-களில் பாடிய 'டூ யூ வான்ட் டு டான்ஸ்' பாட்டைக் கேட்டு விளம்பர நிறுவனம் அவருடைய மேலாளருக்கு ஃபோன் செய்தது. விளம்பரமா என்றார் மேலாளர். ஆமாம். விருப்பமில்லை. பேச்சு அவ்வளவுதான். பாட்டு மிட்லர் எழுதியதல்ல, எனவே அதற்கான அனுமதியை உரிமையாளரிடம் முறையாக வாங்கினார்கள். அப்புறம் மிட்லருக்குப் பல ஆண்டுகள் பின்பாட்டுப் பாடிய ஒரு பெண்ணை அழைத்து, அந்தப் பதிவில் இருப்பதுபோலவே முடிந்தவரை பாடு என்றார்கள். அவரும் பாடினார். விளம்பரத்தைக் கேட்டவர்கள் மிட்லர்தான் பாடியிருக்கிறார் என்றே நினைத்தார்கள். 1988-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பரவலாக அறியப்பட்ட தனித்துவமான குரலைப் பொருள் விற்பதற்காக வேண்டுமென்றே போலி செய்வது தவறு என்றது. நடுவர் குழு 4,00,000 டாலர் கொடுக்கச் சொன்னது.

உங்கள் 'திருட்டு' என்ற சொல்லை நான் இங்கே ஏற்றுக்கொள்வேன். வேறு விதமாகப் பாடும் கவரில் அல்ல, அசல் பாடகரே என்று நம்பவைக்கும் கவரில். அரேதா பாடியதைக் கேட்டு இது ரெடிங் என்று யாரும் ஏமாறவில்லை.

பாடகரே எழுதியவராகவும் இருந்தால் கணக்கு மாறிவிடும். டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் 6 ஆல்பங்களின் மாஸ்டர்கள் 2019-ல் வேறு கைக்குப் போயின. பாட்டுகளை எழுதியதில் அவருக்கும் பங்கு உண்டு. அந்த உரிமை அவரிடமே இருந்தது. 2021 முதல் 4 ஆல்பங்களைத் தானே மறுபடி பாடி வெளியிட்டார், தன்னுடைய பாட்டுக்குத் தானே கவர். யாராவது படத்துக்கோ விளம்பரத்துக்கோ அவர் பாட்டைக் கேட்டால் புதிய பதிவைக் கொடுக்க முடிந்தது. பழைய மாஸ்டர் வைத்திருந்தவர் அதற்குத் தனியாக அனுமதி கொடுக்க முடியவில்லை. கடைசியில் 2025-ல் அந்த மாஸ்டர்களையும் அவரே வாங்கிவிட்டார். பாட்டு எழுதாமல் பாட மட்டும் செய்கிற எத்தனையோ பேருக்கு இந்த வழி கிடையாது.

இப்போது பின்பாட்டுக்காரரைக் கூப்பிடவும் வேண்டியதில்லை; யாருடைய குரலையும் கணினியே போலி செய்துவிடுகிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2024-ல் குரலையும் சட்டப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட சட்டம் வராத இடங்களில், ஒரு கார் விளம்பரத்துக்காக 1988-ல் எழுதப்பட்டது போன்ற தீர்ப்புகளை எடுத்து வைத்துக்கொண்டுதான் வக்கீல்கள் வாதாட வேண்டியிருக்கும்.

அன்புடன்.