ஜோடி சேரும் கருந்துளைகள்

கேள்வி: கருந்துளைகள் இரண்டு மோதி ஒன்றாகின்றன என்கிறார்களே, முதலில் அவை ஜோடி சேர்ந்தது எப்படி?

பதில்: இரண்டு வழி சொல்கிறார்கள். இரட்டையாகவே பிறந்த பெரிய விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றியபடியே எரிந்து முடிந்து கருந்துளைகளாவது ஒன்று. இன்னொன்று, லட்சக்கணக்கான விண்மீன்கள் நெருக்கியடிக்கும் கொத்துகளில், தனித்தனியே பிறந்த இரண்டு தற்செயலாகச் சிக்கிக்கொள்வது. எது என்று காட்டிக்கொடுப்பது சுழற்சிதான்: கூடப் பிறந்தவை என்றால் சுழலும் அச்சு சுற்றுப்பாதையின் அச்சோடு பெரும்பாலும் ஒத்துப்போகும், வழியில் சேர்ந்தவை ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கும். 2015 செப்டம்பர் 14 அன்று விண்வெளியையே அதிரவைத்துப் பரவும் ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ என்ற கருவியில் சிக்கிய முதல் ஜோடியின் நிறை, சூரியனைப்போல் சுமார் 36 மடங்கும் 29 மடங்கும், சேர்ந்தபின் 62தான். கணக்கு உதைக்கிறதா? மீதி 3 சூரியன்கள் ஈர்ப்பலையாகப் போய்விட்டன, அதுவும் ஒரு நொடிக்குள்! அப்புறம், புதிய கருந்துளை சுழல்வது, ஒரு கருந்துளை சுழலக்கூடிய உச்ச அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அந்தச் சுழற்சி பெரும்பாலும் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவந்ததிலிருந்து வந்ததுதான்.