புள்ளி எழுத்து வரையும் பையனுக்குச் சோறு கிடைக்குமா?

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதமும், தம்பி வரைந்த நான்கு தாள்களின் படங்களும் வந்து சேர்ந்தன. பிளஸ் டூ படிக்கிற பையன் வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் புள்ளி புள்ளியாக எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் எந்த வீட்டிலும் கவலைதான். "கம்ப்யூட்டர்ல கோலம் போட்டா எவன் சம்பளம் கொடுப்பான்?" என்று அவன் அப்பா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஒரு சின்னத் திருத்தம் மட்டும்: கோலத்தில் புள்ளி வழிகாட்டும், கோடுதான் கோலம். தம்பி செய்வதில் கோடே கிடையாது. ஒன்றையொன்று தொடாத புள்ளிகளே எழுத்தாகத் தெரிய வேண்டும்.

பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் ரசீது நினைவிருக்கிறதா? 9 ஊசிகள் ரிப்பனைக் குத்திக் குத்தி எழுத்தாக்கும். அன்று வேறு வழியில்லாமல் வந்த வடிவம் இன்று அழகுக்காகத் திரும்பியிருக்கிறது. நத்திங் (Nothing) என்ற நிறுவனத்தின் போன்களுக்குப் புள்ளி எழுத்துதான் அடையாளம். கூகுள் ஃபான்ட்ஸில் டோட்டோ, கோடிஸ்டார் என்று இந்த வகை எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் இவை ஆங்கிலத்துக்கானவை. 5-க்கு 7 கட்டத்தில், அதாவது 35 புள்ளிக்குள், ஆங்கிலப் பெரிய எழுத்து இருபத்தாறையும் அடக்கிவிடலாம். அதே கட்டத்தில் 'ண' போட்டுப் பாருங்கள். சுழி எல்லாம் ஒட்டிக்கொண்டு 'ன' மாதிரியே நிற்கும்.

தம்பியின் தாள்களில் நான் நின்று பார்த்த இடம் வேறு. தமிழில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும். எழுத்தே புள்ளியால் ஆனதென்றால் 'க்' என்பதன் தலைப்புள்ளி எது, உடம்புப் புள்ளி எது? பெரும்பாலானோர் இதை யோசிக்காமல் ஒரு புள்ளியை மேலே வைப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அது காணாமல் போகும். இவன் நடுவே ஒரு வரிசையைக் காலியாக விட்டு, நான்கு புள்ளிகளைச் சதுரமாகச் சேர்த்து மெய்ப்புள்ளி ஆக்கியிருக்கிறான். யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஓலை கிழியும் என்று புள்ளியே வைக்காமல் விட்டார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். இவன் அப்படி விட்டுவிடவில்லை. எனக்கு நம்பிக்கை தந்தது அந்தச் சதுரம்தான்.

இனி காசு விஷயம். மறைக்காமல் சொல்கிறேன்: அலங்காரத் தலைப்பு எழுத்துரு ஒன்றை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. எழுத்துருவை முழுநேரத் தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் நம் நாட்டில் கைவிட்டு எண்ணும் அளவுதான். அகமதாபாத்தில் இந்தியன் டைப் ஃபவுண்ட்ரி, மும்பையில் ஏக் டைப் போன்றவை. ஹிந்த் மதுரை முன்னதன் தமிழ் எழுத்துரு. முக்தா மலர், பலூ தம்பி பின்னதன் தமிழ் எழுத்துருக்கள். அங்கே இடம் கிடைக்காவிட்டாலும் கைத்தொழில் வீணாகாது. செயலித் திரை வடிவமைப்பு, கடை வாசலில் ஓடும் எல்இடி பலகை, மீட்டர், லிஃப்ட் என்று சின்னத் திரை உள்ள எல்லா இடத்திலும் இந்தக் கணக்கு தெரிந்தவர் வேண்டும். கடைகளில் மாட்டும் பி10 என்ற வகை எல்இடி பேனல் ஒன்றில் 32-க்கு 16 புள்ளிகள்தான். அதில் தமிழைப் படிக்கும்படி ஓடவிடுவது விளையாட்டல்ல.

படிப்புக்கு யூசீட் (UCEED) என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் எழுதலாம். ஐஐடி பம்பாய் உள்ளிட்ட இடங்களில் 4 ஆண்டு பி.டெஸ். என்னும் வடிவமைப்புப் பட்டம். தேர்வு ஜனவரியிலேயே வந்துவிடும், பொதுத்தேர்வுக்கு முன்பே என்பதைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (NID) நுழைவுத் தேர்வு தனி. இரண்டும் தவறினாலும் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. 1850-இல் தொடங்கியது, கட்டணம் உங்களுக்குச் சுமையாக இருக்காது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எழுத்துருவுக்கென்றே முதுகலை உண்டு. அதற்கு இப்போதே கடன் கணக்குப் போட வேண்டாம்.

லேப்டாப்பும் இப்போது வாங்காதீர்கள். அவன் கேட்கும் கிளிஃப்ஸ் என்ற எழுத்துரு வரையும் மென்பொருள் ஆப்பிளின் மேக் கணினியில் மட்டும்தான் ஓடும். அதே வேலைக்கான ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், வீட்டிலிருக்கும் பழைய விண்டோஸ் கணினியே போதும். ஒரே ஒரு புள்ளியை வரைந்து, அதையே எல்லா எழுத்திலும் நகலெடுக்காமல் இணைப்பாக (reference) வைக்கச் சொல்லுங்கள். பிறகு வட்டத்தைச் சதுரமாக்க நினைத்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். பள்ளியில் பைத்தான் படிக்கிறான் என்றீர்களே, அதை வைத்தே கட்டத்தில் புள்ளிகளைத் தானாக வைக்கவும் முடியும். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் இறங்கி வருவார்.

சோதனை ஒன்று வைக்கலாம். அழகான பத்து எழுத்து யாரும் போடுவார்கள். 247-க்கும் தனித்தனிப் படம் தேவையில்லை. கால், கொம்பு எல்லாம் ஒருமுறை வரைந்தால் போதும். ஆனால் கு, கூ வரிசை 36-ம் தனித்தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டியவை. சலிப்பூட்டும் வேலை. பொதுத்தேர்வு முடிந்த விடுமுறையில் அதை முடிக்கிறானா என்று பாருங்கள். முடித்தால் துணிந்து இந்தப் பக்கம் அனுப்பலாம். பாதியில் விட்டால் நல்ல பொழுதுபோக்கு என்று வைத்துக்கொண்டு வேறு படிப்பு பேசுவோம்.

இப்போதைக்கு அவனிடம் ஒன்று சொல்லுங்கள்: மூன்றாம் தாளில் 'ழு' சரியில்லை, வால் பக்கத்து எழுத்தில் இடிக்கிறது. முதலில் முகம் சுளிப்பான். அடுத்த நாள் திருத்திக்கொண்டு வருகிறானா என்று எனக்கு எழுதுங்கள்.