எது அசல் ஃபிளீட்வுட் மேக்?

கேள்வி: ஃபிளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழு 1968-இல் வெளியிட்ட பாடல்களையும் 1977-இல் வந்த ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டேன். ஒரே குழு என்று நம்பவே முடியவில்லை. இதில் எது அசல்?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: இரண்டுமே அசல்தான். பாடுகிறவர்களும் கிடார் வாசிக்கிறவர்களும் முற்றிலும் வேறு. ஆனால் டிரம்ஸில் மிக் ஃபிளீட்வுட், பேஸ் கிடாரில் ஜான் மெக்வீ, இவர்கள் மட்டும் மாறவில்லை.

1967-இல் லண்டனில் குழுவைத் தொடங்கியவர் பீட்டர் கிரீன், ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்கர்களின் இசையில் அபாரமான கிடார் கலைஞர். அவர் இந்த இருவரின் பெயரையும் சேர்த்துக் குழுவுக்கு வைத்தார். மெக்வீ அப்போது சேரக்கூட இல்லை. பெயரை வைத்தால் வருவார் என்று ஒரு நம்பிக்கை. சில வாரங்களில் வந்தும்விட்டார். மெல்லிசைக் குழுவில் பல வருடம் பேஸ் வாசித்தவன் நான். பின்னால் நிற்பவர் பெயரை யார் போஸ்டரில் போடுகிறார்கள்? அதனாலேயே கிரீன் மீது எனக்குத் தனி மரியாதை.

1970-இல் கிரீன் விலகினார். 1971-இல் லாஸ் ஏஞ்சல்ஸில், வெளியே போய்வருகிறேன் என்று கிளம்பிய இன்னொரு கிடார் கலைஞர் ஜெரமி ஸ்பென்சர் ஒரு மதக்குழுவில் சேர்ந்துவிட்டார். 1972-இல் மற்றொரு கிடார் கலைஞரான டேனி கிர்வானை நீக்கினார்கள். 1974-இல் நடந்தது இன்னும் கொடுமை. அதுவரை குழுவில் இருந்த ஒருவர்கூட இல்லாத வேறொரு குழுவை, அதே பெயரில், மேலாளரே அமெரிக்காவுக்கு அனுப்பினார். வழக்கு நீதிமன்றம் வரை போனது.

அதே ஆண்டின் இறுதியில் ஃபிளீட்வுட் ஒரு ஸ்டுடியோவைப் பார்க்கப் போனார். அங்கே ஒலித்தரத்தைக் காட்டுவதற்காகப் போட்ட ஒரு பாட்டில் லிண்ட்சே பக்கிங்ஹாமின் கிடார் அவரைப் பிடித்துக்கொண்டது. அழைத்தார். தன்னோடு பாடிவந்த பாடகி ஸ்டீவி நிக்ஸும் வந்தால்தான் வருவேன் என்றார் பக்கிங்ஹாம். சரி, இருவரும் வரட்டும் என்றானது. ‘ரூமர்ஸ்’ பிறந்தது அந்தக் கூட்டணியில்தான்.

இந்தக் கதையில் எல்லோரும் மறந்துவிடுகிற பெயர் கிறிஸ்டின் மெக்வீ. 1970-இலேயே கீபோர்டுடன் குழுவுக்கு வந்தவர், ஜானின் மனைவி. ‘ரூமர்ஸ்’ வந்தபோது அவர்களுக்கு மணமுறிவு ஆகியிருந்தது. ஆனாலும் ஒரே மேடையில் வாசித்தார்கள். 2018-இல் பக்கிங்ஹாமை நீக்கியபோது, அவர் இடத்துக்கு மைக் கேம்பெல், நீல் ஃபின் என இருவரைச் சேர்த்துக் குழு தொடர்ந்தது. 2022 நவம்பரில் கிறிஸ்டின் இறந்த பிறகோ, இனித் தொடர்வதில் அர்த்தமில்லை என்று சொல்லிவிட்டார் நிக்ஸ். அவர் சொன்னது சரி என்பதே என் எண்ணமும்.