வெளிநாட்டு நிதி: இன்னொரு டிரஸ்ட் வழியாக வாங்கலாமா?

கேள்வி: சிவகாசிப் பக்கம் பட்டாசுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். டிரஸ்ட் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஜெர்மனியில் ஒரு தொண்டு நிறுவனம் 12 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எங்களிடம் இல்லை. பதிவுள்ள வேறொரு டிரஸ்டின் கணக்கில் போட்டு எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் 15 சதவீத கமிஷன் கேட்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: கூடாது. 2020 செப்டம்பரில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடை வாங்கிய அமைப்பு அதை வேறு யாருக்கும் மாற்றித் தர முடியாது. முன்பு பெரிய அமைப்புகள் வாங்கி, பதிவுள்ள சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தன. அதையும் அடைத்துவிட்டார்கள். கேட்டால் முறைகேட்டைத் தடுக்கத்தான் என்பார்கள். டெல்லி வரை வந்த பணம் சிவகாசிக்கு வராமல் நிற்கிறதே, அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை.

உங்களுக்கு முறையான வழி இருக்கிறது: முன் அனுமதி. முழுப் பதிவுக்கு மூன்று வருட அனுபவமும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும்; உங்களால் இப்போது முடியாது. முன் அனுமதி அப்படியல்ல. இன்ன நிறுவனம், இன்ன தொகை, இன்ன வேலை என்று அந்த ஒரு நன்கொடைக்கு மட்டும் கேட்பது. உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். பணம் டெல்லி ஸ்டேட் பாங்க் பிரதான கிளையில் திறக்கும் கணக்குக்குத்தான் வர வேண்டும். அதற்காக டெல்லிக்கு ரயில் ஏற வேண்டாம், உள்ளூர் ஸ்டேட் பாங்க் கிளையிலேயே முடியும்.

"டெல்லியில் நம்ம ஆள் இருக்கிறார்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். 2022 மே மாதம் இதே அனுமதிகளுக்காக லஞ்சம் கைமாறிய வழக்கில் சி.பி.ஐ. உள்துறை ஊழியர்களையும் இடைத்தரகர்களையும் சேர்த்துக் கைது செய்தது. தரகரிடம் பத்து பைசா கொடுக்காதீர்கள். படிவம் நிரப்ப உள்ளூர் ஆடிட்டர் போதும். நிதி வருவதற்கு முன்னால் 'ப்ராசசிங் ஃபீஸ்' கட்டச் சொன்னால், அந்த ஜெர்மன் நிறுவனமே நிஜம்தானா என்று பாருங்கள்.

இன்னொன்று, பலரும் மாட்டிக்கொள்வது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் டொரண்டோ சித்தப்பா கனடா குடியுரிமை வாங்கிவிட்டாரென்றால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) வைத்திருந்தாலும் அவர் பணம் வெளிநாட்டுப் பணம்தான். மதுரையில் பிறந்தவர், பொங்கலுக்குப் பொங்கல் வருகிறவர் என்பதெல்லாம் எடுபடாது. அவர் உங்கள் சொந்தக் கணக்கில் போட்டு, நீங்கள் டிரஸ்டுக்கு மாற்றுவதும் கூடாது. யாரிடம் வாங்கினாலும் பாஸ்போர்ட் நகல் ஒன்றைக் கோப்பில் வையுங்கள்.

முன் அனுமதி விண்ணப்பத்தில் முடிவெடுக்கச் சட்டம் சொல்வது சாதாரணமாக 90 நாள். அந்தச் 'சாதாரணமாக' என்பதை நம்பி ஜூனில் ஆசிரியர்களை வேலைக்கு எடுத்துவிடாதீர்கள். தொகையும் நோக்கமும் தெளிவாக எழுதிய உறுதிக் கடிதத்தை ஜெர்மன்காரர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். அது இல்லாமல் விண்ணப்பம் நகராது.